பை பட்டு உடைந்த கலம்: கையெழுத்துப் போட்டுவிட்டால் பணம் கட்டித்தான் ஆக வேண்டுமா?

டர்பனுக்கு அருகில் வசிக்கும் 19 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாமல் இருப்பதற்காகக் கல்லூரி, ஊர், சந்தையின் பெயர் எல்லாவற்றையும் நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

கலைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறார். செராமிக்தான் அவருடைய முதன்மைப் பாடம். குவாசுலு-நட்டால் மாகாணத்தில் நடந்த தற்கால செராமிக் கலைச் சந்தை ஒன்றுக்கு வகுப்புத் தோழிகளுடன் போயிருக்கிறார். பார்த்ததைப் படமெடுத்து, வரைந்து, அறிக்கையாக எழுதித் தர வேண்டும் என்பது கல்லூரி கொடுத்த வேலை. வாசலில் இருந்தவர், "முதுகுப் பையை இங்கே வைத்துவிட்டுப் போங்கள்" என்று சொல்லியிருக்கிறார். உள்ளே மடிக்கணினி இருந்ததால் வாசகி பையை வைக்கவில்லை. பல கலைஞர்களின் படைப்புகளை வாங்கி வைத்து விற்கும் வியாபாரி ஒருவரின் ஸ்டாலில், இரண்டு மேசைகளுக்கு இடையே நின்று ஒரு கிண்ணத்தை வரைந்துகொண்டிருந்தபோது யாரோ பின்னால் கடந்து போக வழி கேட்டிருக்கிறார்கள். ஒதுங்கித் திரும்பியபோது பை ஒரு பீடத்தில் இடித்தது. அதன்மேல் இருந்த கறுத்த, வழவழப்பான உருண்டைக் கலம் விழுந்து உடைந்தது. விலைச்சீட்டில் 9,600 ராண்ட். மேசையில் "உடைத்தால் விலை கொடுக்க வேண்டும்" என்ற பலகையும் இருந்திருக்கிறது.

வியாபாரி ஒரு தாளில், "9,600 ராண்ட் கடன்பட்டிருக்கிறேன், மூன்று மாதத்தில் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார். பணம் முழுவதும் வரும்வரை என்று சொல்லி மாணவர் அடையாள அட்டையையும் எடுத்து வைத்துக்கொண்டார். போலீசுக்குப் போவேன் என்றும், எடுத்த படங்களையெல்லாம் அங்கேயே அழித்துவிட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். பயந்துபோன வாசகி கைப்பேசி வழியாக 1,200 ராண்ட் அனுப்பிவிட்டு வீடு திரும்பினார்.

வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். "கையெழுத்துப் போட்டாயிற்று, கட்டித்தான் ஆக வேண்டும்" என்கிறார் அப்பா. "21 வயது ஆகவில்லை, அந்தக் கையெழுத்தே செல்லாது" என்கிறார் பெரியப்பா. ஆயா தன் வளையலை விற்றுக் கட்டிவிடலாம் என்கிறார். "இனி எந்தச் சந்தைக்கும் போகும் தைரியம் எனக்கு இல்லை. இந்தப் பாடத்தையே விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது" என்று கடிதத்தை முடித்திருக்கிறார் வாசகி.

அன்புள்ள வாசகிக்கு,

நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியபடியே எல்லாம் நடந்திருந்தால், அந்தக் கலத்தின் விலையைக் கட்டும் சட்டப் பொறுப்பு உங்களுக்கு இல்லை என்பதே என் கருத்து. மீதி 8,400 ராண்டை இப்போது அனுப்ப வேண்டாம். ஆயாவிடம் வளையலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நம் தென்னாப்பிரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் சட்டம்) 2011 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. அதன் 18-ஆம் பிரிவு உங்களுக்காகவே எழுதியதுபோல் இருக்கிறது. விற்பனையாளர் காட்சிக்கு வைத்திருக்கும் பொருள் தொலைந்தாலோ சேதமடைந்தாலோ வாடிக்கையாளர் அதற்குப் பொறுப்பாக மாட்டார். மிகக் கடுமையான கவனக்குறைவு, விளைவைப் பற்றிக் கவலைப்படாத முரட்டுத்தனம், கெட்ட எண்ணம், குற்றச் செயல் ஆகிய இவற்றில் ஒன்றால் சேதம் நேர்ந்தால் மட்டுமே அவர் பொறுப்பு. இதற்கு மாறாக எந்தப் பலகையில் என்ன எழுதியிருந்தாலும் சட்டம் இப்படித்தான் என்று அந்தப் பிரிவு தன் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. மேசையில் இருந்த அந்தப் பலகைக்கு உங்களைக் கட்டுப்படுத்தும் வலு கிடையாது.

"நான் எதுவும் வாங்கவில்லையே, என்னை எப்படி நுகர்வோர் என்று சொல்ல முடியும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கியவர் மட்டுமே நுகர்வோர் என்பது பலருக்கும் இருக்கும் தவறான எண்ணம். ஒரு வியாபாரி தன் தொழிலின் போக்கில் யாருக்கு முன்னால் பொருளை வைத்து விற்க முயல்கிறாரோ, அவரும் இந்தச் சட்டத்தின்படி நுகர்வோரே. விலைச்சீட்டு ஒட்டிய கலத்தின் முன்னால் நோட்டுப் புத்தகத்தோடு நின்ற மாணவியும் அதில் அடக்கம்.

சட்டம் ஏன் இப்படி இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பீடத்தின் உயரம், மேசைகளுக்கு நடுவே விடும் இடைவெளி, கலத்தின் அடியில் வைக்கும் வளையம், கூட்டம் அதிகமானால் யாரை எங்கே நிறுத்துவது என்பதையெல்லாம் முடிவு செய்பவர் விற்பவர். காப்பீடு எடுப்பதா வேண்டாமா என்பதும் அவர் கையில்தான் இருக்கிறது. பார்க்க வருபவருக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. அதனால்தான் காட்சிக்கு வைப்பதில் உள்ள சாதாரண ஆபத்தைச் சட்டம் விற்பவர் தோளில் வைத்திருக்கிறது.

எது கடுமையான கவனக்குறைவு?

வழக்கில் அவர்கள் பிடித்துக்கொள்ளக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. வாசலில் பையை வைக்கச் சொன்னார்கள், நீங்கள் வைக்கவில்லை. இதை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. யார் கேட்டாலும் இதே உண்மையைத்தான் சொல்ல வேண்டும்.

சொன்னதைக் கேட்காமல் போனது கவனக்குறைவு என்று ஒரு நீதிபதி கருதலாம். ஆனால் சாதாரணக் கவனக்குறைவு இங்கே போதாது. கடுமையான கவனக்குறைவு என்றால் என்ன என்பதை உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 'ஸ்டெல்லா டிங்காஸ்' என்ற கப்பல் பற்றிய வழக்கில் விளக்கியிருக்கிறது. நியாயமான ஒரு மனிதரின் நடத்தையிலிருந்து மிகப் பெரிய அளவில் விலகிப் போயிருக்க வேண்டும், ஆபத்து தெரிந்தும் சற்றும் பொருட்படுத்தாத மனப்போக்கோ கவனம் என்பதே அடியோடு இல்லாத நிலையோ இருந்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். நெருக்கமான இடத்தில் ஒருவருக்கு வழிவிட ஒதுங்கியபோது பை பீடத்தில் இடித்ததை இந்த வரையறைக்குள் கொண்டுவருவது மிகக் கடினம். ஸ்டால்களுக்கு நடுவே ஓடி விளையாடியிருந்தாலோ, தொடாதீர்கள் என்று சொன்ன பிறகும் ஒரு கையில் கைப்பேசியும் மறு கையில் கலமுமாக நின்றிருந்தாலோ என் பதில் வேறாக இருந்திருக்கும்.

கலத்தைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு வரிகள் உங்களுக்கு உதவக்கூடியவை. அடிப்பாகம் குறுகி உருண்டையாக இருந்தது என்றும், வெள்ளைப் பீடத்தின்மேல் வளையம் எதுவும் இல்லாமல் நேராக வைத்திருந்தார்கள் என்றும் சொல்கிறீர்கள். உடைந்த ஓட்டின் நடுப்பகுதி கரியாகவும் இருபுறமும் செம்பழுப்பாகவும் இருந்ததையும் கவனித்திருக்கிறீர்கள். அது சுலு மரபில் உகாம்பா என்று சொல்லும் பீர்க் கலத்தின் வடிவில் செய்தது என்றே தெரிகிறது. மண்ணைத் திரியாக உருட்டி, அடுக்கி எழுப்பி, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றி, திறந்த வெளியில் விறகும் காய்ந்த கற்றாழையும் சாணமும் போட்டுச் சுடுவது இது. பிறகு புகையில் கறுக்கவைத்துக் கொழுப்புத் தடவித் தேய்ப்பார்கள். 1,200 டிகிரிக்கு மேல் சூளையில் வெந்த ஸ்டோன்வேரின் கெட்டி இதற்கு வராது. லேசான இடிக்கே உடையும். அப்படிப்பட்ட கலத்தை, ஆட்கள் உரசிக்கொண்டு போகும் வழியின் ஓரத்தில், உருளாமல் பிடிக்க ஒன்றும் இல்லாமல் வைத்தது யார் என்ற கேள்வியை நீதிமன்றம் கட்டாயம் கேட்கும். தோழிகள் எடுத்த படங்களில் அந்தப் பீடம் எங்கேயாவது தெரிகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால் அந்தப் படம் எந்தச் சாட்சியையும்விட வலுவானது.

ஓடுகளின் படம் இருந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள். கலத்தில் முன்பே விரிசல் இருந்திருந்தால் அந்த உடைப்பு விளிம்பில் பழைய அழுக்கோ கொழுப்போ படிந்திருக்கும். புதிய உடைப்பு அப்படி இருக்காது. இதைப் பார்க்க உங்கள் பேராசிரியரின் கண் என் கண்ணைவிடத் தேர்ந்தது.

அந்தக் கையெழுத்து

அப்பா சொல்வதில் பாதி சரி. படித்த மனிதர் கையெழுத்தை மதிக்கச் சொல்வது இயல்பு. பொதுவாக நம் நாட்டு நீதிமன்றங்களும் கையெழுத்திட்டவரை அதற்குக் கட்டுப்பட்டவராகவே பார்க்கின்றன. ஆனால் நுகர்வோருக்குச் சட்டம் கொடுத்த உரிமையைப் பறிக்கும் நிபந்தனையை விற்பவர் ஒப்பந்தத்தில் வைக்கக் கூடாது, அப்படி எழுதியது அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது 51-ஆம் பிரிவு. வற்புறுத்தியோ, தகாத அழுத்தம் கொடுத்தோ, மிரட்டியோ ஒப்பந்தம் செய்யவைப்பதை 40-ஆவது பிரிவு தடுக்கிறது. போலீஸ் என்று பயமுறுத்தி, அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, பயந்து நின்ற 19 வயதுப் பெண்ணிடம் எழுதி வாங்கியது இந்தப் பிரிவின் எல்லைக்குள் வருகிறது என்றே நான் வாதிடுவேன்.

நூற்றுக்கு நூறு உறுதி என்று சொல்ல மாட்டேன். உரிமை என்னவென்று தெரிந்த இரண்டு பேர், பிணக்கைத் தீர்த்துக்கொள்ளத் தாங்களாகவே செய்த சமரசம் இது என்று மறுதரப்பு வாதிடலாம். அதற்கு உங்கள் பதில், எனக்கு அப்போது அந்த உரிமை இருப்பதே தெரியாது, யோசிக்க நேரமும் கொடுக்கவில்லை என்பது. இந்த வாதம் நிலைக்க வேண்டுமானால் இனி ஒரு தவணையும் அனுப்பக் கூடாது. ஒவ்வொரு தவணையும் "தெரிந்து ஏற்றுக்கொண்டார்" என்று சொல்ல அவர்களுக்கு ஒரு பிடி.

அட்டை விஷயத்தில் எனக்குச் சந்தேகம் குறைவு. அடையாள ஆவணத்தைச் சரிபார்க்கவோ நகலெடுக்கவோ வாங்கலாம். அதற்கு மேல் தன்னிடம் வைத்துக்கொள்ளும்படி கேட்க விற்பவருக்கு உரிமை இல்லை என்பதும் 51-ஆம் பிரிவில்தான் இருக்கிறது. தேர்வுக்கும் நூலகத்துக்கும் வேண்டிய அட்டை அது. உடனே திருப்பிக் கேளுங்கள்.

பெரியப்பாவின் யோசனையை மட்டும் நம்ப வேண்டாம். 21 வயது என்பது பழைய கணக்கு. குழந்தைகள் சட்டத்தின் 17-ஆம் பிரிவு 2007 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபோதே வயதுவரம்பு 18 ஆகிவிட்டது. "நான் சிறுபெண், கையெழுத்து செல்லாது" என்று கடிதம் எழுதினால் அந்த ஒரு வரி உங்கள் மற்ற நியாயங்களையும் கெடுத்துவிடும்.

போலீஸ்

இதை நினைத்துத் தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒருவர் பொருளைச் சேதப்படுத்துவது குற்றமாக வேண்டுமானால் வேண்டுமென்றே செய்திருக்க வேண்டும். கை தவறி, பை பட்டு உடைவது குற்றமே அல்ல. உங்கள் பெயரில் குற்றப் பதிவு எதுவும் வராது, படிப்புக்கும் விசாவுக்கும் இதனால் தடை இல்லை. கடனை வசூலிக்கப் போலீஸ் பெயரைச் சொல்லிப் பயமுறுத்தியதுதான் இங்கே தவறு.

என் பதில் மாறக்கூடிய இடங்கள்

இரண்டு விவரங்களை நீங்கள் உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஒன்று, அந்த ஸ்டால்காரர் தொடர்ந்து இந்தத் தொழில் செய்பவர்தானா? பல கலைஞர்களின் படைப்புகளை விற்கிறார் என்றால் பெரும்பாலும் ஆம். எப்போதோ ஒருமுறை தன் வீட்டுப் பொருளை விற்க வந்த தனி மனிதராக இருந்தால் நுகர்வோர் சட்டம் பொருந்தாமல் போகலாம். அப்போது பழைய பொதுச் சட்டம் வரும். அதில் சாதாரணக் கவனக்குறைவே போதும்.

இன்னொன்று, அந்தக் கலம் விற்பனைக்கு வைத்ததுதானா? விலைச்சீட்டு இருந்ததால் ஆம் என்று எடுத்துக்கொள்கிறேன். சந்தைகளில் சில படைப்புகளை யாரிடமாவது இரவல் வாங்கிப் பார்வைக்கு மட்டும் வைப்பார்கள். அவற்றுக்கு 18-ஆம் பிரிவின் பாதுகாப்பு இதே உறுதியோடு கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அருங்காட்சியகத்தில் அது கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். டர்பனில் பான்சி அருங்காட்சியகத்துக்கோ பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் டேத்தம் கலைக்கூடத்துக்கோ போகும்போது இந்த வேறுபாடு நினைவில் இருக்க வேண்டும்.

அப்படிப் பொறுப்பு வந்தாலும் 9,600 என்பது விலைச்சீட்டில் இருந்த எண்தான். உண்மையில் எவ்வளவு நட்டம் என்பதைக் கேட்பவர்தான் நிரூபிக்க வேண்டும். வியாபாரியின் லாபமும் சந்தைக்காரர்களின் பங்கும் அந்த எண்ணுக்குள் இருக்கலாம்.

படங்களை அழிக்க வேண்டுமா?

வேண்டாம். தனியார் இடத்தில் படமெடுக்கக் கூடாது என்று நிபந்தனை வைக்க நடத்துபவருக்கு உரிமை உண்டு. "எடுக்காதீர்கள்" என்று சொன்னதும் நிறுத்திவிட வேண்டும், வெளியே போகச் சொன்னால் போக வேண்டும். ஆனால் ஏற்கெனவே எடுத்ததை அழிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தவோ கைப்பேசியைப் பிடுங்கவோ ஸ்டால்காரருக்கு அதிகாரம் கிடையாது. நீங்கள் அழிக்காமல் வந்தது நல்லதாகப் போயிற்று.

பதிப்புரிமை தனிக் கேள்வி. 1978-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கைவினைக் கலைப்படைப்பையும் கலைப்படைப்பாகவே கருதிக் காக்கிறது. எங்கும் பதிய வேண்டியதில்லை. படைத்தவர் வாழும் காலமும் அவர் இறந்த பிறகு 50 ஆண்டுகளும் அந்த உரிமை இருக்கும். ஆனால் ஆய்வுக்கும் சொந்தப் படிப்புக்கும் நியாயமான அளவில் பயன்படுத்த அதே சட்டம் இடம் தருகிறது. உங்கள் நோட்டுப் புத்தகத்து ஓவியங்களும் கல்லூரி அறிக்கையில் ஒட்டும் படங்களும் அந்த இடத்துக்குள் வரும். ஒவ்வொன்றின் அடியிலும் படைத்தவர் பெயரை எழுதுங்கள். அதே படங்களை இன்ஸ்டாகிராமில் போடுவதற்கு முன் படைத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

"பார்த்த வடிவத்தைச் செய்துபார்த்தால் திருட்டா?" என்றும் கேட்டிருந்தீர்கள். உகாம்பாவின் உருண்டை வடிவம், அமாசும்பா என்னும் மொட்டுப் புடைப்புகள், மெருகேற்றும் முறை எல்லாம் தலைமுறை தலைமுறையாக வரும் பொதுச் சொத்து. அவற்றைக் கற்பது எந்தச் சட்டத்துக்கும் எதிரானதல்ல. அந்த மரபை உலகக் கலைக்கூடங்களுக்குக் கொண்டுபோன நெஸ்டா நாலாவும் தன் வீட்டுப் பெண்களிடமிருந்துதான் கற்றார், பிறகு தன் மகள்களுக்குக் கற்றுக்கொடுத்தார். ஒரு குறிப்பிட்ட கலைஞரின் குறிப்பிட்ட கலத்தை அப்படியே நகலெடுத்து விற்பதுதான் கூடாது.

செய்தவரின் நட்டம்

இதுவரை சட்டம் சொன்னேன். உங்கள் கடிதத்தில் ஒரு வரி இன்னும் என் மனத்தில் இருக்கிறது: "அதைச் செய்தவரின் முகம் எனக்குத் தெரியாது, ஆனால் அவரை நினைத்துத்தான் அழுதேன்." மண் பிசைந்து பார்த்த பெண்ணுக்குத்தான் இப்படித் தோன்றும். அந்தக் கலத்துக்குப் பின்னால் பல நாள் வேலை இருக்கிறது. திறந்த நெருப்பில் வைக்கும் கலங்களில் சில அங்கேயே வெடித்துப் போகும், தப்பி வந்த ஒன்றுதான் அந்தப் பீடத்துக்கு ஏறியிருக்கிறது. உங்கள் வருத்தம் நியாயமானது.

ஆனால் நீங்கள் கொடுத்த 1,200 ராண்ட் அவரிடம் போய்ச் சேர்ந்ததா? வியாபாரி அந்தக் கலத்தை முன்பே விலை கொடுத்து வாங்கியிருந்தால் செய்தவருக்குப் பணம் எப்போதோ கிடைத்திருக்கும். விற்ற பிறகு தருவதாக வாங்கி வைத்திருந்தால், தன் பொறுப்பில் இருந்தபோது உடைந்ததற்கு அவர் என்ன தர வேண்டும் என்பது அவர்கள் இருவருடைய ஒப்பந்தத்தைப் பொறுத்தது. இதை எழுத்தில் கேளுங்கள். கட்டாயத்தில் வாங்கிய 1,200 ராண்டைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு நல்ல காரணம் இருக்கிறது. அதைக் கேட்பதா, செய்தவருக்குப் போய்ச் சேரட்டும் என்று விடுவதா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். விடுவதானால், "பொறுப்பை ஏற்று அல்ல, என் விருப்பத்தின் பேரில் செய்தவருக்கு" என்று எழுதிக் கொடுத்து, அவருக்குக் கொடுத்ததற்கான சான்றையும் கேளுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அப்படித்தான் செய்வேன். ஆனால் படிக்கும் பிள்ளைக்கு 1,200 ராண்ட் சிறிய தொகை அல்ல. திருப்பிக் கேட்டால் யாரும் உங்களைக் குறைசொல்ல முடியாது.

சந்தைக்கே போக மாட்டேன் என்று மட்டும் முடிவு செய்யாதீர்கள். புத்தகத்தில் படம் பார்த்து மண்கலை கற்க முடியாது. கலத்தின் எடை கண்ணுக்குத் தெரியாது. சுவர் எவ்வளவு மெல்லியது, அடிவளையத்தை எப்படிச் செதுக்கியிருக்கிறார், மெருகு எந்த இடத்தில் நின்றிருக்கிறது என்பதெல்லாம் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்கு வெளியே நிற்க வேண்டும். சந்தையில்தான் செய்தவரே எதிரில் நின்று, "எடுத்துப் பாரம்மா" என்று சொல்வார். எந்த மண், எந்தச் சூளை, எத்தனை முறை தவறிப்போனது என்று கேட்டால் சொல்வார். 1985-இல் டிராக்கன்ஸ்பர்க் மலையடிவாரத்து ஆர்ட்மோர் பண்ணையில் செராமிக் கலைஞர் ஃபீ ஹால்ஸ்டெட்டிடம் முதல் மாணவியாகச் சேர்ந்த பானி ந்ட்ஷாலின்ட்ஷாலி, 1990-இல் அவரோடு சேர்ந்தே ஸ்டாண்டர்டு பேங்க் இளம் கலைஞர் விருது வாங்கினார். அந்த ஐந்தாண்டுப் படிப்பு பக்கத்தில் இருந்து பார்த்துச் செய்த படிப்பு.

எடுப்பதற்கு முன் கேளுங்கள். இரண்டு கைகளாலும், ஒரு கை அடியிலும் ஒரு கை உடலிலுமாக எடுங்கள், விளிம்பையோ கைப்பிடியையோ பிடித்துத் தூக்க வேண்டாம். மேசைக்கு மேலேயே வைத்துத் திருப்பிப் பாருங்கள், நடைவழிப் பக்கம் கொண்டுவர வேண்டாம். மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிடுங்கள். நம் வீடுகளில் மண்பானை வாங்கும்போது விரல் முட்டியால் தட்டி ஓசை பார்ப்பது வழக்கம். அதைக்கூட அனுமதி கேட்டுவிட்டே செய்யுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

நடந்ததை மறப்பதற்குள் ஒரு தாளில் எழுதுங்கள்: எங்கே நின்றீர்கள், இடைவெளி எவ்வளவு, யார் என்ன சொன்னார்கள். பக்கத்தில் இருந்த தோழிகளும் தனித்தனியாக எழுதட்டும், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்க வேண்டாம். கையெழுத்திட்ட தாளின் நகல் உங்களிடம் இல்லை என்றால் அதைக் கேட்டு வாங்குங்கள்.

பிறகு வியாபாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் பேச வேண்டாம், பேசினால் மறுபடியும் பயமுறுத்துவார்கள். ஆங்கிலத்தில் எழுதுங்கள், சாரம் இப்படி இருக்கட்டும்: "கலம் உடைந்ததற்கு வருந்துகிறேன். அது தற்செயலாக நடந்தது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவின்படி அதற்கு நான் பொறுப்பல்ல. நான் கையெழுத்திட்ட தாள் அந்த உரிமையைப் பறிக்க முடியாது, அழுத்தத்தின் பேரில் வாங்கியதும்கூட. என் அட்டையை ஏழு நாட்களுக்குள் திருப்பித் தரவும். நான் அனுப்பிய தொகை செய்தவருக்குச் சேர்ந்ததா என்பதைத் தெரிவிக்கவும்." கோபமான சொல் ஒன்றும் வேண்டாம். அப்பாவிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள், அவருக்கும் மனம் தெளியும்.

பதில் வரவில்லை, அல்லது மறுத்துவிட்டார் என்றால் நுகர்வோர் பொருள் மற்றும் சேவைகள் குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுக்கலாம், அதற்குக் கட்டணம் இல்லை. மாகாண அரசின் நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகமும் இருக்கிறது. குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் கல்லூரி வளாகத்தில் உள்ள சட்ட உதவி மையத்திலும் போய்க் கேட்கலாம். தாள்களை எடுத்துக்கொண்டு போங்கள்.

அவர் சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போகலாம். 2019 ஏப்ரலிலிருந்து அங்கே 20,000 ராண்ட் வரை கேட்கலாம் என்பதால் இந்தத் தொகை அதற்குள் வரும். வழக்குப் போடுவதற்கு முன் 14 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் கேட்க வேண்டும் என்பது விதி. அவர் தனி மனிதராகத்தான் அங்கே வழக்குத் தொடர முடியும், நிறுவனத்தின் பெயரில் முடியாது. வழக்கறிஞருக்கு அங்கே இடமில்லை, நீங்களே பேச வேண்டும். பயப்பட ஒன்றும் இல்லை, எளிய மொழியில் கேட்பார்கள், எளிய மொழியில் பதில் சொன்னால் போதும். 18-ஆம் பிரிவின் நகலையும் பீடத்தின் படத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பாணை வந்தால் அதை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு மறந்துவிடக் கூடாது. நீங்கள் போகாவிட்டால் உங்கள் பக்கத்தைக் கேட்காமலேயே தீர்ப்பு வந்துவிடும். வந்த அன்றே அதன் நகலை எனக்கு அனுப்புங்கள், என்ன பேச வேண்டும் என்பதைச் சேர்ந்து எழுதுவோம்.